பர்மாவுக்கு நடந்து போனவர்

என் வீட்டுக்காரரின் வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு காய்ப்பு இருந்தது. பெருமாளைத் தூக்கித் தூக்கி வந்த காய்ப்பு. கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துப் பயந்துபோய், "டாக்டருகிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இத்த காட்டித்தாம்மே உங்கப்பாகிட்ட பொண்ணு கேட்டாங்க" என்றார். உண்மைதான். மாப்பிள்ளைக்குக் காணி நிலம் கிடையாது, சொந்தத் தறி கிடையாது, குடியிருக்க அண்ணன் வீட்டின் பின்கட்டுதான் என்று தெரிந்தும், சாமி தூக்குகிற தோள் என்று மயங்கி என் அப்பா என்னை ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரத்துக்குக் கொடுத்தார். அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தத் தோளைப் பார்த்து நானும் கொஞ்ச நாள் மயங்கித்தான் இருந்தேன்.

எங்கள் தெருவில் சில குடும்பங்களுக்குப் பரம்பரையாக அந்தப் பொறுப்பு. அதை வேலை என்று சொன்னால் இவருக்குக் கோபம் வரும், பாத்தியதை என்பார். திருவிழாவில் பெருமாள் வாகனத்தில் வெளியே வரும்போது நீளமான மூங்கில் தண்டுகளுக்கு அடியில் தோள் கொடுப்பார்கள். முன்தண்டில் வலது பக்கம் இவருடைய இடம். இடது பக்கம் மூத்தாருடைய இடம். மூத்தார் என்றால் இவருடைய அண்ணன், முன்கட்டில் குடியிருந்தவர், தண்டுக்காரர்களுக்கெல்லாம் பெரியவர். மற்ற நாட்களில் அண்ணனும் தம்பியும் முதலாளி தறியில் கூலிக்குப் பட்டு நெய்தார்கள். நெய்யும்போது இவர் யாரோ. தண்டு தோளில் ஏறிவிட்டால் இவரைப் பார்க்கவேண்டும், நிமிர்ந்து நடப்பார். ஊரே கையெடுத்துக் கும்பிடும். சாமியைத்தான் கும்பிட்டார்கள், எனக்குத் தெரியாதா? ஆனாலும் பக்கத்தில் நிற்கிற பெண்டாட்டிக்குக் கொஞ்சம் கர்வம் இருக்காதா?

தண்டுக்காரர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தன. திருவிழா முடிகிறவரை கறி மீன் கூடாது, துக்க வீட்டில் கைநனைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: கடல் தாண்டினவன் தண்டைத் தொடக்கூடாது. யார் சொன்னது, எந்தக் காலத்தில் சொன்னது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. அந்தத் தெருவில் பாதிப் பேர் மெரினா கடலைக்கூடப் பார்த்ததில்லை. பார்க்காத கடலைத் தாண்டாமல் இருப்பதில் என்ன கஷ்டம்? எல்லாரும் யோக்கியர்களாகவே இருந்தார்கள்.

இவர் ஒருத்தருக்குத்தான் சோதனை வந்தது. எனக்குத் தாலி கட்டுவதற்கு முன்னால், ஜப்பான்காரனோடு சண்டை நடந்த காலத்தில், நூல் கிடைக்காமல் தறிகளெல்லாம் நின்றுபோயின. இவர் பட்டாளத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பேர் கொடுத்துவிட்டார். துப்பாக்கி பிடிக்கிற பட்டாளம் இல்லை, ரோடு போடுகிற பட்டாளம். கிளம்புகிற அன்றைக்கு என் மாமியார் வாசலில் கற்பூரம் கொளுத்தி, "கடல தாண்ட மாட்டேன்னு அணைச்சுட்டுப் போடா" என்றிருக்கிறாள். இவர் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு ரயிலேறினார்.

ரயில் அஸ்ஸாம் வரைக்கும் போனது. அங்கிருந்து லாரி. லாரியும் போகாத இடத்தில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மலை மேலே நடை. அட்டை கடித்து, மலைக்காய்ச்சல் வந்து, பாறைக்கு வெடி வைத்துப் புகையில் கண் எரிந்து, ரோடு போட்டுக்கொண்டே பர்மாவுக்குள் போய்விட்டார்கள். குண்டு விழுந்து கூட இருந்தவர்கள் செத்தார்கள். அதையெல்லாம் அவர் அதிகம் பேசமாட்டார். திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொல்வார்: "போனது பர்மாதான். ஆனா ஒரு சொட்டு கடலு தாண்டல. நடந்தே போனேன், நடந்தே வந்தேன்." தண்டுக்காரர்கள் அப்போது அதை ஒப்புக்கொண்டுதான் அவருக்கு இடத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஊருக்குள் அது ஒரு கெட்டிக்காரத்தனமாகக்கூடப் பேசப்பட்டது.

பட்டாளத்திலிருந்து அனுப்பும்போது ஒரு தமிழ்க் குமாஸ்தா எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொருத்தராகக் கேட்டு எழுதியிருக்கிறார். இவர் முறை வந்தபோது, "கடல் தாண்டினியாப்பா?" என்று கேட்டார். ஊர் நினைப்பிலேயே நின்றிருந்த மனுஷன் என்ன சொல்வார்? "சத்தியமா இல்லீங்க" என்றார். குமாஸ்தா எழுதிக்கொண்டு, கைநாட்டும் வாங்கிக்கொண்டார். டிஸ்சார்ஜ் புக்கில் இந்தியாவுக்குள் மட்டும் சேவை செய்தவர் என்று விழுந்துவிட்டது. இவருக்கு அப்போது தமிழே படிக்கத் தெரியாது, இங்கிலீஷுக்கு எங்கே போவார்? அந்தப் புத்தகத்தைப் பட்டுத் துண்டில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பொங்கலுக்குப் பொங்கல் குங்குமம் வேறு வைத்தார். தன் தலையில் கல்லைப் போட்ட எழுத்துக்குக் குங்குமம். நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அறுபதுகளின் கடைசியில் இவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. வெடிப்புகைதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். பட்டில் ஒரு இழை அறுந்தால் தேடிப்பிடிக்க இவரால் முடியவில்லை, ஜரிகை எங்கே விட்டது என்று தெரியவில்லை. ஒரு கல்யாணப் புடவையில் பேட்டு, அதாவது நெசவுப் பழுது, விழுந்ததும் முதலாளி எல்லார் முன்னாலும் தறியிலிருந்து எழுப்பி, "நீ போயி தார் சுத்துய்யா" என்றார். தார் சுற்றுவது என்றால் தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற குச்சியில் நூல் சுற்றுவது. வீட்டுப் பெண்களும் சின்னப் பசங்களும் செய்கிற வேலை. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ராட்டினம் சுற்றினார். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, பொம்பளயாயிட்ட?" என்றார்கள். மூத்தார் கிணற்றடியில் என் காதில் விழும்படியாகவே, பின்கட்டை மகனுக்குக் கல்யாணம் செய்து குடிவைக்க வேண்டும் என்று பேசத் தொடங்கினார்.

அந்த நேரத்தில்தான் பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு ஓரிக்கைப் பக்கம் அரசாங்கம் நிலம் கொடுக்கிறது என்று சேதி வந்தது. பாலாற்றை ஒட்டின நிலம். கிணறு தோண்டினால் தண்ணீர் பொங்கும் என்றார்கள். நான் அப்போதே மனசுக்குள் குடிசை போட்டு, கத்தரி நட்டு, ஒரு மாட்டையும் கட்டிவிட்டேன். அடுத்தவர் கிணற்றில் தண்ணீர் இறைத்துச் சலித்துப்போன பெண்ணுக்கு வேறு எப்படித் தோன்றும்? அவரை இழுத்துக்கொண்டு நிலம் கொடுக்கிற ஆபீஸுக்குப் போனேன்.

அங்கே இருந்த குமாஸ்தா டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டினார். நாட்டுக்கு வெளியே சண்டைக்குப் போனவர்களுக்குத்தான் முதலில் நிலம் என்றும், இவர் புத்தகத்தில் கடல் கடந்த சேவை இல்லை என்று இருப்பதாகவும் சொன்னார்.

"பர்மா போயிருந்தாருங்க" என்றேன் நான்.

"அப்படியா பெரியவரே? கடல் தாண்டினீங்களா?"

"இல்லீங்க" என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்தி.

"பர்மா போனீங்களா இல்லியா?"

"போனேங்க."

"அப்ப கடல் தாண்டினீங்க."

"இல்லீங்க."

"பின்ன எப்பிடிய்யா போனீங்க?"

"நடந்து."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்ப்பா, எல்லாரும் இங்க வாங்களேன்! அனுமாரே கடல தாண்டித்தான் போனாரு. இவரு நடந்தே போயிட்டு வந்துட்டாராம்!" ஆபீஸே மேஜையைத் தட்டிச் சிரித்தது. ஒருத்தன் இவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "வாலு எங்க பெரியவரே?" என்றான். அனுமார் பெயர் காதில் விழுந்ததும் இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்கும் ஒரு தடவை சிரித்தார்கள். பாராட்டுகிறார்கள் என்று நினைத்து இவரும் கூடச் சிரித்தார். எனக்கு அந்த மேஜையைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது.

சிரித்து ஓய்ந்தபிறகு குமாஸ்தா வழி சொன்னார். பட்டாளத்து ரிக்கார்டு ஆபீஸ் வடக்கே இருக்கிறது. கடல் கடந்து சேவை செய்தேன் என்று சத்தியப் பத்திரம் எழுதி, விஷயம் தெரிந்தவர் சாட்சிக் கையெழுத்தோடு அனுப்பினால் திருத்தித் தருவார்கள். திருத்தினால் நிலம் நிச்சயம்.

வீட்டுக்கு வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். "ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா நாக்கு அழுகிடுமா?"

"எங்கம்மா முன்னால கற்பூரம் அணைச்சிருக்கேம்மே. தாண்டினேன்னு எழுதி குடுத்தா தண்டத் தொட முடியுமா?"

"உங்கம்மா செத்து சாம்பலாயி எவ்ளோ வருசம் ஆவுது? அவங்க எழுந்து வந்து தார் சுத்துவாங்களா?"

அன்றைக்கு ராட்டினத்தில் உட்கார்ந்தவர் சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. நான் கெஞ்சவில்லை. எனக்கும் பசிக்கவில்லை என்று சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தேன்.

தை மாதம் முழுக்க இந்தச் சண்டைதான். முன்கட்டுக்குக் கேட்காமல் இருக்குமா? ஒருநாள் மூத்தார் தாமே பின்கட்டுக்கு வந்தார். அந்த வீட்டில் நான் வாழ்க்கைப்பட்டு அவர் எங்கள் பக்கம் உட்கார்ந்து காபி குடித்தது அதுதான் முதல் தடவை. தம்பியின் தோளில் கைபோட்டு, "ஏன்டா இப்பிடி நெஞ்ச போட்டு வதைச்சிகினு இருக்கிற? காகிதத்துல ஏதுடா கடலு? சர்க்காருக்கு ஒரு வார்த்த வேணும், குடுத்துட்டுப் போ. நீ தாண்டலன்னு எனக்குத் தெரியாதா, நம்ம ஆளுங்களுக்குத் தெரியாதா? சாட்சிக்கு வேற எவன்கிட்டயும் போயி நிக்காத. நானே போடறேன்" என்றார். இவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் மனசு இளகிப்போய், "மாமா, இன்னொரு வாய் காபி ஊத்தட்டுமா?" என்று கேட்டேன். கேட்டதோடு இல்லாமல் சர்க்கரையும் கூடப் போட்டேன்.

கோர்ட்டு வாசலில் புளியமரத்தடியில் டைப் மெஷினோடு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். பத்திரம் எழுதுவது, மனு எழுதுவது, வருகிற இங்கிலீஷ் காகிதத்தைப் படித்துச் சொல்வது எல்லாம் அவர்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் அடிக்க ஆரம்பித்ததும் இவர் குனிந்து மெல்ல, "சார், நடந்து போயின்னு ஒரு வார்த்த சேத்துக்கலாமா?" என்றார்.

"கடல் கடந்துன்னு இருக்கணும்யா. அவங்க ரூல்ல அந்த வார்த்ததான் இருக்குது. ஓவர்சீஸ். ஓவர்னா தாண்டி, சீஸ்னா கடலு."

"கடலே இல்லாத வழியில போனவங்களுக்கு வேற வார்த்த இல்லீங்களா?"

"இல்ல. நீ நடந்தியா நீந்தினியான்னு சர்க்காருக்கு இன்னாய்யா கவல? வெளிநாடு போனியா, அது போதும் அவங்களுக்கு."

இவர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் தலையை ஆட்டினார். கல்யாணமான பிறகு நான் சிலேட்டில் சொல்லிக்கொடுத்து இவர் கையெழுத்துப் போடக் கற்றிருந்தார். அந்தக் கையெழுத்தை ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி அழுத்திப் போட்டார். போட்டு முடித்ததும் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மூத்தார் ஒரே இழுப்பில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். காகிதம் தபாலில் போனது.

வைகாசித் திருவிழாவுக்கு முன்னால் தண்டுகளுக்கு எண்ணெய் தடவுகிற நாள் ஒன்று உண்டு. வாகன மண்டபத்தில் தண்டுக்காரர்கள் எல்லாரும் கூடுவார்கள். அந்தந்த வீட்டுப் பெண் கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுபோய்க் கொடுக்க, அவரவர் தோள் படுகிற இடத்தில் அவரவர் கையால் தடவவேண்டும். நானும் கிண்ணத்தோடு போய் நின்றேன். இவர் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, எண்ணெயில் விரலைத் தொட்டுத் தண்டுக்குக் கையை நீட்டினார்.

"நில்லு. தொடாத" என்றார் மூத்தார்.

இவர் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்.

"கடல் தாண்டினேன்னு சர்க்காருக்கு கையெழுத்து போட்டு குடுத்திருக்கான்" என்று மூத்தார் எல்லாரையும் பார்த்துச் சொன்னார். "யாரோ சொல்லிக் கேட்டதில்ல. நானே சாட்சி."

ஒரு பெரியவர் இவரைக் கேட்டார்: "நெசமாப்பா?"

பொய் சொல்லத் தெரிந்த மனுஷனாக இருந்தால் அந்த இடத்தில் தப்பித்திருக்கலாம். இவர், "கையெழுத்து போட்டேங்க. ஆனா தாண்டல" என்றார்.

"கையெழுத்து யாருது?"

"என்னுது."

அவ்வளவுதான், விஷயம் முடிந்துபோனது. மூத்தாருடைய மகன் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். தோளில் மடிப்புக் கலையாத புது அங்கவஸ்திரம். தண்டுக்காரர்கள் முதல் தடவை தோள் கொடுக்கும்போதுதான் புதிசு போடுவார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் காபி, தோளில் போட்ட கை, நானே சாட்சி போடறேன் என்ற பேச்சு. சொந்தத் தம்பியின் கழுத்தை அறுக்க ஒருத்தர் இவ்வளவு பாசமாகப் பேசவேண்டுமா? கையிலிருந்த எண்ணெயை அப்படியே மூத்தாருடைய காலடியில் கொட்டினேன். "நல்லா தடவிக்குங்க மாமா, வழுக்காம இருக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இவர் பின்னாலேயே ஓடி வந்தார். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "பெருமாளுக்கு வெச்ச எண்ணெய்ம்மே அது, கொட்டிட்டியே" என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

அந்த வைகாசியில் பெருமாள் எங்கள் தெருவுக்கு வந்தபோது இவர் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். அண்ணன் மகனுக்கு நடை பிடிபடவில்லை. முன்தண்டு ஏறி இறங்கிக் குடை ஆடியது. அது ஆடும்போதெல்லாம் இவருடைய வலது தோள் தானாக மேலே ஏறியது. பக்கத்தில் நின்ற ஒருத்தன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா அனுமாரே, இங்கிருந்தே தூக்கற?" என்றான். ஆபீஸில் வைத்த பெயர் அதற்குள் தெருவுக்கு வந்திருந்தது. யார் கொண்டுவந்தது என்று நான் சொல்லவேண்டுமா? ஆபீஸ் கதையை முன்கட்டுக்குத்தான் இவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

சரி, நிலமாவது வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மழைக்காலத்தில் பதில் வந்தது. டைப் அடிக்கிறவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். படித்துவிட்டு, "அடடா" என்றார். பட்டாளத்திலிருந்து அனுப்பும்போது இந்த ஆளைக் குறிப்பாகக் கேட்டதில், கடல் தாண்டவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார், அதற்குக் கைநாட்டும் இருக்கிறது, ஆகவே பதிவைத் திருத்த முடியாது. இதுதான் பதில்.

இவர் புளியமர வேரில் உட்கார்ந்துவிட்டார். என் ஓரிக்கைக் குடிசையும் கத்தரிச் செடியும் மாடும் ஒரு நிமிஷத்தில் போயின. அழுகை வந்தது. அழுதுகொண்டே அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியபோது எனக்குச் சுரீரென்று ஒன்று உறைத்தது. "சார், அந்த வரிய மறுபடி சொல்லுங்க. இவரு கடல் தாண்டலன்னு சர்க்காரே எழுதியிருக்குதா?"

"ஆமாம்மா. முத்திரையோட எழுதியிருக்குது."

"அத்த தமிழ்ல அடிச்சு குடுங்க."

நிலம் போனால் போகட்டும். இதைவிட வேறு என்ன வேண்டும்? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு தண்டில் இவர் இடத்தைத் திரும்ப வாங்கிவிடலாம். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாகன மண்டபத்துக்கு நடந்தேன். அன்றைக்கு ஏதோ புறப்பாடு இருந்ததால் தண்டுக்காரர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். இரண்டு காகிதத்தையும் விரித்துப் பிடித்து, தமிழில் இருந்ததைச் சத்தமாகப் படித்தேன். பெரியவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அப்ப தாண்டல" என்றார் பெரியவர். "சர்க்காரே சொல்லுது."

இவர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். மேல்துண்டை மெல்ல மடித்து வலது தோளில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

"இருங்கப்பா" என்றார் மூத்தார். அவருக்கு அவசரமே இல்லை. "தாண்டல, சரி. அப்ப தாண்டினேன்னு சத்தியம் பண்ணி எழுதி குடுத்தது இன்னா? பொய் சத்தியம். பொய் சத்தியம் பண்ணவன் தோள்ல பெருமாள ஏத்துவீங்களா?"

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருத்தராக மாட்டோம் என்று தலையை ஆட்டினார்கள்.

நான் மூத்தாருக்கு எதிரில் போய் நின்றேன். "காகிதத்துல ஏதுடா கடலுன்னு சொன்னது நீங்கதான மாமா? எங்க வீட்ல உக்காந்து, நான் குடுத்த காபிய குடிச்சிகினு சொன்னீங்களே!"

"நான் சொன்னதுக்கு சாட்சி இருக்குதாம்மா?"

சாட்சி எனக்குப் பின்னால் நின்றிருந்தது. நான் திரும்பி, "சொல்லுங்க! உங்க காதுலதான சொன்னாரு, வாயத் தொறந்து சொல்லுங்க!" என்று கத்தினேன். இவர் தோளில் போட்டிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "அண்ணன் சொல்றது சரிதாம்மே. பொய் சத்தியந்தான் அது. யாரு சொல்லிப் பண்ணாலும் கையி என்னுதுதான" என்றார்.

இவரைப் போல ஒரு மனுஷனோடு குடும்பம் நடத்துவதைவிடக் கல்லில் தலையை முட்டிக்கொள்ளலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். பட்டாளத்து ஆபீஸுக்கு இவர் கடல் தாண்டாதவர், ஆகவே நிலம் இல்லை. தெருவுக்கு இவர் பொய் சத்தியம் பண்ணினவர், ஆகவே தண்டு இல்லை. எந்தக் காகிதத்தில் இவருக்குக் கெடுதல் இருந்ததோ அதை மட்டும் ஒவ்வொருத்தரும் நம்பினார்கள்.

அதற்குப் பிறகும் நாங்கள் அதே பின்கட்டில்தான் இருந்தோம், போக்கிடம் ஏது? பட்டாளத்துக்காரனைத் தெருவில் தள்ளினான் என்ற பேச்சு வரக்கூடாது என்று மூத்தார் எங்களை வெளியே அனுப்பவில்லை. அதே கிணற்றில் தண்ணீர் இறைத்தேன். மூத்தாரிடம் நான் பேசுவதை நிறுத்தினேன். இவர் நிறுத்தவில்லை. வைகாசி வந்தால் இவர் காலையிலேயே கிளம்பி ஓரிக்கைக்கு நடந்துபோய் ஆற்று மணலில் உட்கார்ந்திருந்துவிட்டு, பெருமாள் கோயிலுக்குத் திரும்பின பிறகு வருவார். கண் இன்னும் மங்கியது. ராட்டினச் சத்தத்தை வைத்தே தார் சுற்றக் கற்றுக்கொண்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் அதன் தோளையும் இதற்குத்தான் கொடுத்திருப்பார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மாதம், இரண்டு நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். குளிப்பாட்டும்போது வலது தோளைத் தேடினேன். அந்தக் காய்ப்பு கரைந்துபோயிருந்தது. எல்லாருக்கும் இருக்கிற தோளாகத்தான் இருந்தது.

வெளியே பேச்சுக்குரல் கேட்டது. தண்டுக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். தங்களில் ஒருத்தர் செத்தால் பாடையைத் தாங்களேதான் தூக்குவது அவர்கள் வழக்கம். தோளுக்குத் துண்டு மடித்துப் போட்டுக்கொண்டு மூத்தார் முன்னால் நின்றார். அவர் கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறார் என்று தெரிந்தது, அதைப் பார்த்ததும்தான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"தொடாதீங்க" என்றேன். "கடல் தாண்டின உடம்பு. தொட்டா உங்க தோளு தீட்டாயிடும்."

"இந்தாம்மா, சாவு வீட்ல இன்னா பேச்சு இது?"

"தாண்டலன்னு சொல்றீங்களா? அப்ப பொய் சத்தியம் பண்ண உடம்பு. அதுவும் ஆவாது."

ஐயம்பேட்டையிலிருந்து வந்திருந்த என் தம்பியைக் கூப்பிட்டு, முனிசிபாலிட்டி வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். ஆளில்லாத பிணங்களை எடுத்துப்போகிற தள்ளுவண்டி அது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். அவருக்கு உயிர் இருந்தால் என்னைக் கெஞ்சியிருப்பார், அவங்க தூக்கட்டும்மே என்றிருப்பார், எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். அவர் மன்னித்துக்கொள்ளட்டும், அது அவர் சுபாவம். என்னால் முடியாது.

வண்டியில் அவரைக் கிடத்தும்போது மூத்தாருக்குக் குரல் உடைந்தது. "பாவி, அவன் இன்னா தப்பு பண்ணான்? ஆயிரம் தடவ பெருமாள தூக்கினவன, அனாதையாட்டம் இப்பிடி அனுப்புறியே!"

"அவரு இன்னா தப்பு பண்ணாருன்னு கேக்கறீங்களா? அந்த வார்த்த உங்க வாயில வரத்தான் மாமா இத்தன வருசம் காத்துகினு இருந்தேன்."

தண்டுக்காரர்கள் யாரும் கலைந்து போகவில்லை. வண்டிக்குப் பின்னால் வெறும் தோளோடு நடந்து வந்தார்கள். சந்து முனையில் மழைத்தண்ணீர் ஓடுகிற சாக்கடையில் ஒரு சக்கரம் இறங்கிவிட்டது. அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடிவந்து வண்டிக்கு அடியில் தோள் கொடுக்கக் குனிந்தார்கள். மூத்தார் வலது பக்கம், அவர் தம்பியின் இடத்தில், குனிந்திருந்தார். நான் அவரையே பார்த்தேன். அவர் நிமிர்ந்தார், மற்றவர்களும் கையை எடுத்துக்கொண்டார்கள். என் தம்பியும் வண்டிக்காரனும் வெகுநேரம் முக்கித் தள்ளிய பிறகுதான் சக்கரம் மேலே ஏறியது.